இலவச ஆட்டமும் அதன் செலவுக் கணக்கும்

மாலை ஏழு மணி அளவில் மான்குர்த் நிலையத்தில் ஹார்பர் பாதை வண்டி வந்து நிற்கிறது. 1992-இல் கழிமுகத்தின் மேல் பாலம் போட்டு வாஷிக்கு வண்டி விடும் வரையில் இதுவே அந்தப் பாதையின் கடைசி நிலையம். இறங்கி வரும் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சு இன்றும் காதில் விழும். ஒரு நாள் அந்தக் கூட்டத்தின் நடுவே, பள்ளிப் பையைத் தோளில் தொங்கவிட்ட சிறுவன் ஒருவன் கைப்பேசியை உற்று நோக்கியபடியே படியேறிக்கொண்டிருந்தான். முகத்தில் பெருங்கவலை. “என்ன தம்பி, தேர்வில் ஏதேனும் சங்கடமா?” என்று கேட்டோம்.

“இல்லை மாமா. எங்கள் தொடக்க ஆட்டக்காரருக்கு வயது முப்பத்துமூன்று ஆகிவிட்டது. அவரை நிறுத்தினால் ஓட்டம் எடுக்க ஆளில்லை. வைத்துக்கொண்டால் வருகிற பந்தைப் பிடிக்கமாட்டார்” என்றான்.

அந்த ஆட்டக்காரர் எந்த ஊரிலும் பிறந்தவர் அல்லர். ஒரு கணிப்பொறியின் கணக்கில் மட்டுமே வாழ்கிறவர். ஆயினும் அவருடைய முதுமை அச்சிறுவனுக்கு உண்மையான துயரம். மெய்யான விளையாட்டைக் கணக்காலும் கற்பனையாலும் போலச் செய்து ஆடும் இத்தகைய இணையவழி ஆட்டங்கள் இன்று பல உண்டு. அவற்றுள் ஆடுவோரிடம் பணம் கேளாமல் நடப்பவையும் உண்டு. பணம் கேளாமல் நடப்பவை எப்படி நடக்கின்றன, அந்தச் செலவை யார் தாங்குகிறார்கள், தாங்குவோர் ஓய்ந்துவிட்டால் என்ன ஆகிறது என்பதைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறோம்.

நேயர்களுள் நாற்பதைக் கடந்தவர்களுக்கு இந்தப் போலி ஆட்டம் புதுமையன்று. வகுப்பில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் புத்தகத்தைத் திடீரென்று விரித்து, இடப்பக்கத்து எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்ப்போம். இரண்டு என்றால் இரண்டு ஓட்டம். நான்கு வந்தால் பந்து எல்லைக்கோட்டைக் கடந்தது. சுழி வந்தால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டியதுதான். எட்டு வந்தால் என்ன என்பதில் மட்டும் பள்ளிக்குப் பள்ளி சட்டம் வேறு. அதற்காக நண்பர்கள் ஒரு வாரம் பேசாமலிருந்ததும் உண்டு. பக்கங்கள் மிகுந்த புத்தகமே இந்த ஆட்டத்துக்கு உகந்தது. ஆகவே நம் வகுப்பில் அகராதிக்கு இருந்த மதிப்பு வேறெந்த நூலுக்கும் இருந்ததில்லை. பிற்காலத்தில் அகராதியே நம் பிழைப்பாகிவிட்டது என்பது வேறு கதை.

அந்த ஆட்டம் மெய்யாகவே இலவசம். அகராதி பள்ளியுடையது, ஓட்டக் கணக்கு எழுதிய தாள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம். ஆட்டம் நடுவில் நின்றாலும் யாருக்கும் நட்டமில்லை. கணிப்பொறி இந்த வேலையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் செலவு என்பது வந்து சேர்ந்தது. ஏனெனில், நாம் உறங்கும்போதும் அது விழித்திருக்க வேண்டும்.

சுவீடன் நாட்டில் 1997 ஆகஸ்டில் ‘ஹாட்ரிக்’ என்னும் ஆட்டம் தொடங்கப்பெற்றது. இது கால்பந்து அணியை நிர்வகிக்கும் ஆட்டம். ஆடுவோருக்கு ஒரு கற்பனை அணி கிடைக்கும். வீரர்களைப் பழக்கலாம், விற்கலாம், வாங்கலாம், அரங்கைப் பெரிதாக்கலாம். எட்டு அணிகள் கொண்ட வரிசையில் வாரத்துக்கு ஒரு போட்டியாகப் பதினான்கு போட்டிகள் நடைபெறும். பதினாறு வாரத்தில் ஒரு பருவம் முடியும். வாரம் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பயனில்லை. இளம் வீரன் ஒருவனைத் தேர்ந்த ஆட்டக்காரனாக்க மாதக்கணக்கில், சிலபோது ஆண்டுக்கணக்கில், காத்திருக்க வேண்டும். மாமரம் வைத்தவனுக்கு வேண்டிய பொறுமை இதற்கும் வேண்டும்.

இந்த ஆட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. விரும்புவோர் மட்டும் சந்தா செலுத்தி ‘ஆதரவாளர்’ ஆகலாம். ஆதரவாளருக்குச் சில வசதிகள் கிடைக்கும்: கூடுதல் புள்ளிவிவரங்கள், குறிப்பெழுத இடம் முதலியன. ஆனால் பணம் கொடுத்தவனுடைய அணி அந்தப் பணத்தினால் ஒரு கோல்கூட அதிகம் போடாது. இவ்வொரு விதியை அவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் இதனை ஆடினர். ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இது கிடைத்தது. அந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் ஊதியம் பெற்றவர்கள் அல்லர். அந்தந்த மொழியைச் சேர்ந்த ஆட்டக்காரர்களே தாமாக முன்வந்து செய்தனர். ஒருவரே இரண்டு அணி வைத்துக்கொண்டு தமக்குத் தாமே வீரர்களை மலிவாக விற்றுக்கொள்வது போன்ற கள்ளத்தனத்தைக் கண்டுபிடிக்கும் நடுவர்களும் தொண்டர்களே.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் ஒரு கணம் திகைப்பார்கள். பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று எண்ணிப் பழகிய கை அல்லவா? ஆனால் உண்மை அதுதான். அந்த ஆட்டத்தின் செலவில் சந்தாப் பணம் தாங்கியது ஒரு பங்கு. கணக்கில் எழுதப்படாத உழைப்புத் தாங்கியது மற்றொரு பங்கு. பின்னர், கைப்பேசியில் நொடிக்கு நொடி களிப்பூட்டும் ஆட்டங்கள் வந்தபின், ஹாட்ரிக் ஆடுவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆயினும் ஆட்டம் நிற்கவில்லை. பத்து லட்சம் பேருக்கு நடத்தியதை அவர்களுள் ஒரு சிறு பகுதியினருக்கும் நடத்த முடிந்தமைக்குக் காரணம், நிலைத்திருந்த அந்தச் சந்தாக்காரர்கள்தாம் என்பது நம் கருத்து.

செலவு என்று எதைச் சொல்கிறோம்? முதலாவது ‘சர்வர்’. மாட்டுங்காவில் சர்வர் என்றால் நெய்த் தோசையும் காப்பியும் கொண்டுவந்து வைப்பவர் என்றே பொருள். இந்தச் சர்வரும் கேட்டதைக் கேட்டவுடன் கொண்டுவந்து கொடுப்பதுதான். எங்கோ ஒரு கட்டடத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறி அது. அதற்கு மாத வாடகை உண்டு. போட்டி நடக்கும் வேளையில் எல்லாரும் ஒருசேர வந்து கதவைத் தட்டுவார்கள்; மற்ற ஆறு நாளும் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த ஒரு மணி நேரத்துக் கூட்டத்துக்காக ஏழு நாள் வாடகை கொடுக்க வேண்டும். கலியாண மண்டபத்தை ஆண்டு முழுவதும் வாடகைக்கு எடுத்தாற்போல. அடுத்தது, ஆட்டத்தின் முகவரிப் பெயருக்கான ஆண்டுக் கட்டணம். பிறகு, ஓட்டக் கணக்குகள் அழியாமலிருக்க வேறோரிடத்தில் படி எடுத்து வைக்கும் செலவு. இவையெல்லாம் ரூபாயில் சொல்லத்தக்கவை. நள்ளிரவில் ஆட்டம் நின்றுவிட்டது என்று தில்லியிலிருந்து செய்தி வரும்போது எழுந்து உட்காருகிறவனுடைய தூக்கத்துக்கு விலை போட இயலாது. அதுதான் பெருஞ்செலவு என்பதைப் பின்னால் கண்டோம்.

பணம் சேர்க்க வேறு வழிகளும் உண்டு. சென்னையில் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா என்னும் நிறுவனம் உருவாக்கிய ‘வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ என்னும் கைப்பேசி ஆட்டம் கோடிக்கணக்கானோர் கையில் புகுந்தது. அதுவும் இலவசமே. விளம்பரங்களாலும், ஆட்டத்துக்குள்ளே விற்கப்படும் பொருள்களாலும் அது வருவாய் ஈட்டியது. பின்னர் மும்பையைச் சேர்ந்த நசாரா நிறுவனம் அந்தச் சென்னை நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கிற்று. கோடிப் பேர் ஆடினால் விளம்பரம் சோறு போடும். நாற்பது பேர் ஆடும் ஆட்டத்துக்கு அது ஒரு காப்பிக்கும் காணாது.

இன்னொரு வழி பந்தயம். ஆடுவோர் ஒவ்வொருவரும் பணம் கட்டி, வென்றவர் எடுத்துக்கொள்ள, நடத்துகிறவர் அதில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வது. மும்பையில் 2008-இல் தோன்றிய ‘டிரீம் லெவன்’ இவ்வழியில் வளர்ந்து, இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலேயே தன் பெயரைப் பொறிக்கும் அளவுக்குப் பெருத்தது. இணையவழிப் பண ஆட்டங்களில் இழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்ததைத் தொடர்ந்து தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-இல் தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பியனுப்பவே, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள், தடை அவற்றுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. திறனா, அதிர்ஷ்டமா என்னும் அந்த நெடிய வாதத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒதுக்கி வைத்துவிட்டது. பணம் வைத்து ஆடுவது எதுவாயினும் கூடாது என்றது. டிரீம் லெவனும் அம்மாதமே பணப் போட்டிகளை நிறுத்திற்று.

அந்தச் சட்டத்தில் நமக்கு வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பொழுதுபோக்கு ஆட்டங்களைத் தனியே பிரித்து, அவற்றில் சேரச் சந்தா வாங்கலாம், நுழைவுக் கட்டணமும் வாங்கலாம், ஆனால் அந்தப் பணம் பந்தயப் பணமாக இருத்தலாகாது என்று அது வகுத்திருக்கிறது. சந்தா, கட்டணம், நன்கொடை, பந்தயம் என்ற சொற்களை ஒன்றோடொன்று மயங்காமல் எழுதுவது நமக்கு அலுவலக மேசையில் அன்றாட வேலை. நான்கிலும் கையைவிட்டுப் போவது அதே ரூபாய்தான். திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுத்தால் பந்தயம். உள்ளே வருவதற்குக் கொடுத்தால் கட்டணம். நான் வந்தாலும் வராவிட்டாலும் இடம் இருக்கட்டும் என்று கொடுத்தால் அது சந்தா. நன்கொடை கொடுத்தவர் பெரும்பாலும் மறந்துவிடுவார். இலவசம் என்ற சொல்லுக்கும் இப்படி இரண்டு முகம் உண்டு. ஆடுகிறவனுக்கு இலவசம் என்பது வேறு, செலவே இல்லை என்பது வேறு.

சந்தாவும் நன்கொடையும் மட்டும் கொண்டு பெரிய ஆட்டக்களத்தை நடத்த முடியுமா என்று ஐயுறுவோர்க்கு, 2010-இல் பிரான்சு நாட்டில் தோன்றிய ‘லிச்செஸ்’ என்னும் சதுரங்கக் களத்தைக் காட்டலாம். தீபோ துப்ளெசி என்பவர் தொடங்கியது. விளம்பரம் இல்லை; எல்லாருக்கும் எல்லா வசதியும் இலவசம். நன்கொடை கொடுத்தவர் பெயரருகே சிறகு வடிவில் ஒரு சின்னம் தோன்றும், அவ்வளவே. ஆண்டுக்குச் சில லட்சம் டாலர் செலவு. அதன் கணக்கை யார் வேண்டுமாயினும் பார்க்கலாம். அமெரிக்காவில் தோன்றிய ‘பாஸ்கெட்பால் ஜி.எம்.’ என்னும் கூடைப்பந்து ஆட்டத்தின் ஆசிரியர் மற்றோர் உபாயம் செய்தார். கணக்குப் போடும் வேலை முழுவதையும் ஆடுகிறவருடைய கணிப்பொறியிலேயே நடக்கும்படி அமைத்துவிட்டார். அடுப்பும் விறகும் விருந்தாளி வீட்டில்! அதனால் நடத்துகிறவருக்குச் சர்வர் செலவு சிறிதே.

இனி நம் மான்குர்த்துக்கு வருவோம். தொடக்கத்தில் கண்ட சிறுவன் கவலைப்பட்டது இவற்றுள் எந்த ஆட்டத்துக்காகவும் அன்று. நம் அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் கல்லூரியில் படிக்கும்போது எழுதிய கிரிக்கெட் ஆட்டத்துக்காக. நாற்பத்துநான்கு அணிகள். செம்பூர், தாராவி, புணே, சூரத்து, தில்லி, பெங்களூரு, ஜாம்ஷெட்பூர் என்று பல இடத்துத் தமிழ்ப் பிள்ளைகள்; சில பெரியவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு எல்லாப் போட்டிகளும் ஒருங்கே நடக்கும். அணிக்குப் பெயர் வைக்க ஒரு விதி: குடும்பத்தின் பூர்வீக ஊர்ப் பெயரைத்தான் வைக்க வேண்டும். ஆகவே சங்கரன்கோவில் அணி தில்லியில் இருக்கிறது. வள்ளியூர் அணி சூரத்தில். அந்தப் பிள்ளைகளுள் பலர் அந்த ஊர்களைக் கண்டதில்லை. பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் படிக்கிறவர்கள், பந்துக்குப் பந்து வரும் தமிழ் வருணனையை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். தோற்றது எப்படி என்று அறிய வேறு வழியில்லை அல்லவா?

அந்த வருணனை வாக்கியங்களுள் இருநூறை நாம் எழுதிக்கொடுத்தோம். ‘யார்க்கர்’ என்பதற்குத் தமிழில் நயமான சொல்லொன்று புனைந்திருந்தோம். பிள்ளைகள் ஒருமுகமாக மறுத்துவிட்டார்கள். சேலத்து நடராஜன் போட்டது யார்க்கர், அது யார்க்கராகவே இருக்கட்டும் என்றார்கள். தோல்வியை ஒப்புக்கொண்டோம்.

அந்த இளைஞருக்குப் புணேயில் வேலை கிடைத்தது. அதன் பின்னும் மூன்று ஆண்டுகள் சர்வர் வாடகையைத் தம் சம்பளத்திலிருந்து ஒருவரிடமும் சொல்லாமல் கட்டிவந்தார். ஒரு நாள் அவருடைய வங்கி அட்டையின் காலம் முடிந்தது. வாடகை நிறுவனம் அனுப்பிய மூன்று நினைவூட்டல்களும் அவர் பார்ப்பதை விட்டுவிட்ட பழைய அஞ்சல் முகவரிக்குப் போயின. சர்வரை நிறுத்தினார்கள், பிறகு துடைத்துவிட்டார்கள். ஐந்து மாதத்துக்கு முந்தைய படி ஒன்று மட்டும் அவருடைய மடிக்கணினியில் இருந்தது. ஐந்து மாத ஓட்டங்கள், நூறுகள், விக்கெட்டுகள் எல்லாம் போயின. ஜாம்ஷெட்பூரில் ஒரு சிறுமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் தந்தை எழுதினார். சிரிப்பதற்குரிய செய்திதான், நமக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏன் தம்பி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டோம்.

“இலவசம் என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன், மாமா. பிறகு எப்படிப் பணம் கேட்பது? வெட்கமாக இருந்தது” என்றார்.

இந்த வெட்கத்தை நாம் அறிவோம். நம்மவர்கள் கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாகச் சென்று வசூலிக்கக் கூசுவதில்லை. தாம் செய்யும் தொண்டுக்காகக் கேட்க மட்டும் நாக்கு எழுவதில்லை. ஆனால் இந்த நகரத்தில் தமிழர் கட்டியவை வெட்கப்பட்டுக் கட்டப்பட்டவை அல்ல. 1952-இல் தொடங்கிய சண்முகானந்த சபையின் அரங்கம் 1963-இல் எழுந்தது, 1990-இல் தீக்கிரையாயிற்று, 1998-இல் மீண்டும் திறந்தது. சபை என்று ஒன்று இருந்ததால் அரங்கம் எரிந்த பின்னும் கட்டுவதற்கு ஆள் இருந்தது. நம் ஆட்டத்துக்கு ஆட்டக்காரர்கள் இருந்தார்களேயொழிய, சபை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மான்குர்த்தில் நம் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்தோம். வெளியூர்க்காரர்கள் தொலைபேசியில் கலந்துகொண்டார்கள். கணக்கை முதன்முறையாக எல்லாரும் பார்த்தோம். சர்வர் வாடகை மாதம் 650 ரூபாய், ஆண்டுக்கு 7,800. முகவரிப் பெயருக்கு 1,000. படி எடுத்து வைக்க 900. ஆக 9,700 ரூபாய். இத்தனை சிறிய தொகைக்கா ஒருவர் மூன்றாண்டு தனியே தவித்தார் என்று எல்லாருக்கும் வியப்பு.

அணிக்கு ஆண்டுச் சந்தா 240 ரூபாய் என்று முடிவாயிற்று. உடனே வழக்குகள் எழுந்தன. சந்தா கட்டிய அணிக்குக் கூடுதலாக ஒரு நல்ல பந்துவீச்சாளரைக் கொடுத்தால் என்ன என்றார் ஒருவர். பிள்ளைகளே கூச்சலிட்டு அதைத் தள்ளிவிட்டார்கள். விளம்பரம் போடலாம் என்றார் மற்றொருவர். எந்த விளம்பரம் வரும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, பதினொரு வயதுப் பிள்ளை பார்க்கும் இடம் என்று அதையும் விட்டோம். சூரத்து வியாபாரி ஒருவர் முழுச் செலவையும் தாமே ஏற்பதாகச் சொன்னார். ஓட்டப் பலகையின் தலையில் தம் கடைப்பெயர் இருந்தால் போதுமாம். கூட்டத்தில் பாதிப் பேர் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். நாம் எதிர்த்தோம். முன்பு ஒருவர் தாங்கினார், இப்போது வேறொருவர் தாங்குவார் என்றால் என்ன மாறியது? ஒரு மணி நேர வாதத்துக்குப் பின், எவரும் ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கலாகாது என்று விதி செய்தோம். அவருக்குச் சிறிது மனத்தாங்கல்தான். ஆயினும் 2,000 அனுப்பிவைத்தார். பெங்களூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஆட்டமே ஆடாதவர், பேரனுக்காக 1,500 கொடுத்தார்.

கடவுச்சொற்கள் இப்போது மூன்று ஊரில் மூவரிடம் இருக்கின்றன. சனிக்கிழமைதோறும் படி எடுக்கப்படுகிறது. முறை மாற்றிச் செய்கிறார்கள். அந்த இளைஞர் தம் நிரலை மற்ற இருவருக்குக் கற்பித்துக்கொண்டிருக்கிறார். அது மெதுவாகத்தான் நடக்கிறது. தாம் எழுதியதைப் பிறர் தொடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று. நம் மொழிபெயர்ப்பை மேலதிகாரி திருத்தும்போது நமக்கும் அப்படித்தான் இருக்கிறது. பொருளாளர் அவருடைய தங்கை, வாஷியில் இருக்கிறார். மாதத்தின் முதல் வெள்ளியன்று, போட்டிக்கு முன்னால், வரவு செலவைத் தமிழில் எழுதி எல்லாருக்கும் அனுப்புகிறார்.

முதல் ஆண்டில் சந்தா கட்டியவை இருபத்தேழு அணிகள். அவ்வகையில் 6,480 ரூபாய். இரு பெரியவர்கள் கொடுத்த 3,500-ஐச் சேர்த்து 9,980. செலவு போகக் கையிருப்பு 280 ரூபாய். சந்தா கட்டாத பதினேழு அணிகளும் முன்போலவே ஆடுகின்றன. சென்ற பருவத்தில் முதலிடம் பெற்ற நாங்குநேரி அணி அந்தப் பதினேழில் ஒன்று. அதன் தலைவனுக்கு வயது பதினொன்று. மான்குர்த் நிலையத்தின் படிகளில் நாம் கண்ட அதே சிறுவன். அந்த முப்பத்துமூன்று வயது ஆட்டக்காரரை அவன் நிறுத்தவில்லை.